பனை மரத்தடியில் ஒரு நிதியமைச்சர்

அமைச்சர் பதவியிலிருந்து இறங்கிய ஒருவர் அடுத்த மாதமே ஒரு பெருநிறுவனத்தின் இயக்குநர் குழுவில் அமர்ந்தால், அதைத் தடுக்க இந்தியாவில் விதி ஏதும் உண்டா? பொது நிதியியல் வகுப்புகளில் மாணவர்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் போதாது. ஏன் இல்லை, இருக்க வேண்டுமா, இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விகள் தொடர்ந்து எழும். அவற்றுக்கு விடை தேடும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் சுதந்திர இந்தியாவின் இரண்டாவது நிதியமைச்சர் ஜான் மத்தாய்.

அரசுப் பணி, தனியார் நிறுவனம், அமைச்சரவை, மீண்டும் அதே தனியார் நிறுவனம், பிறகு மீண்டும் பொதுப்பணி என்று ஒரே வாழ்நாளில் இத்தனை வாசல்களைக் கடந்த இன்னொருவரை இந்திய நிர்வாக வரலாற்றில் காண்பது அரிது. ஒவ்வொரு வாசலையும் அவர் தலைநிமிர்ந்தே கடந்தார். அதனால்தான் அவருடைய வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது. ஒழுக்கம் தவறியவரின் கதையை வைத்து விதி வேண்டும் என்று வாதிடுவது எளிது. நேர்மையாளர் ஒருவருக்கும் விதி தேவைப்பட்டதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

1886-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பிறந்தவர் மத்தாய். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். எனவே மேற்படிப்புக்கு அவர் வந்து சேர்ந்த இடம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சட்டம் பயின்று, சென்னை உயர்நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வழக்குரைஞராக இருந்தார். பிறகு இங்கிலாந்து சென்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வு செய்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் கிராம ஆட்சிமுறை குறித்த அவருடைய ஆய்வு, சிட்னி வெப்பின் முன்னுரையோடு 1915-இல் நூலாக வெளிவந்தது. ஊர்ப்பள்ளி, பொதுப்பணி, ஊர்க்காவல், ஊர் நியாயம் ஆகியவற்றை நம் கிராமங்கள் தமக்குத் தாமே எப்படி நடத்திக்கொண்டன என்பதை ஆராய்ந்த நூல் அது. பொதுப் பொறுப்பு என்பது என்ன என்ற கேள்வியோடுதான் அவருடைய அறிவுப் பயணம் தொடங்கியது.

சென்னைக்குத் திரும்பியவர் கூட்டுறவுத் துறையில் சில காலம் பணியாற்றினார். பிறகு மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தார். 1922 முதல் 1925 வரை சென்னைச் சட்ட மேலவையிலும் உறுப்பினர். பேராசிரியர் வேலையிலேயே அவர் ஓய்வு பெற்றிருந்தால், சென்னைப் பொருளியல் மரபின் முன்னோடிகளில் ஒருவர் என்ற அளவில் நினைவுகூரப்பட்டிருப்பார். ஆனால் 1925-இல் அவர் இந்தியத் தீர்வை வாரியத்தின் உறுப்பினரானார்.

இந்த வாரியத்தின் வேலையைச் சற்று விளக்க வேண்டும். வெளிநாட்டுப் போட்டியைத் தாங்க முடியாமல் தவிக்கும் இந்தியத் தொழில்களுக்கு இறக்குமதி வரி மூலம் பாதுகாப்பு தரலாமா, எவ்வளவு தரலாம், எத்தனை ஆண்டுகளுக்குத் தரலாம் என்று விசாரித்து அரசுக்குப் பரிந்துரை செய்யும் அமைப்பு அது. அதன் முன் வந்த வழக்குகளில் தலையாயது எஃகு. எஃகு என்றால் அன்றைய இந்தியாவில் ஜாம்ஷெட்பூர். ஜாம்ஷெட்பூர் என்றால் டாடா. 1924-இல் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1927-இல் அந்தப் பாதுகாப்பு ஏழு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 1934-இல் மறுபடியும் பரிசீலிக்கப்பட்டது. 1925-க்குப் பிறகு நடந்த இந்த இரு விசாரணைகளின்போதும் மத்தாய் வாரியத்தில் இருந்தார். 1931 முதல் 1934 வரை வாரியத்தின் தலைவரும் அவரே.

பின்னர் வணிகத் தகவல், புள்ளியியல் துறையின் தலைமை இயக்குநராக ஐந்து ஆண்டுகள் பணியாற்றி 1940-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் அவர் சேர்ந்த இடம் டாடா நிறுவனம்.

இன்றைய கண்ணாடியை அணிந்து பார்த்தால் இந்த இடத்தில் நமக்கு ஒரு நெருடல் ஏற்படும். ஒரு தொழிலுக்கு வரிப் பாதுகாப்பு தரலாமா என்று தீர்மானித்த வாரியத்தின் தலைவர், சில ஆண்டுகள் கழித்து அதே தொழிலின் முதன்மை நிறுவனத்தில் சேர்கிறார். இரண்டுக்கும் இடையே ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்த இடைவெளியில் அவர் தொடர்பில்லாத வேறொரு துறையில் பணியாற்றினார். இன்று பல நாடுகள் சட்டம் போட்டு வலியுறுத்தும் காத்திருப்புக் காலம், அவர் வாழ்க்கையில் தானாகவே அமைந்துவிட்டது. அதனால் யாரும் விரல் நீட்டவில்லை. காலம் கடந்தால் பழைய பதவியின் செல்வாக்கு கரைந்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

1944-ஆம் ஆண்டு தொடக்கத்தில் எட்டுப் பேர் கையெழுத்திட்ட ஓர் ஆவணம் வெளிவந்தது. பம்பாய்த் திட்டம் என்று பெயர் பெற்ற அது, 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டில் இந்தியரின் சராசரி வருமானத்தை இரு மடங்காக்க வழி சொன்னது. ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய தொழிலதிபர்களின் பெயர்களுக்கு இடையே பேராசிரியராக இருந்த மத்தாயின் பெயரும் இருந்தது. அடிப்படைத் தொழில்களை வளர்ப்பதில் அரசு பெரும்பங்கு ஏற்க வேண்டும் என்று முதலாளிகளே எழுதிக்கொடுத்த விந்தையான ஆவணம் அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1946 செப்டம்பரில் நேரு தலைமையில் இடைக்கால அரசு அமைந்தபோது நிதித்துறை மத்தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் காங்கிரஸ்காரர் அல்லர். சிறை சென்றவரும் அல்லர். திறமைக்காக அழைக்கப்பட்டவர். அக்டோபரில் முஸ்லிம் லீக் அரசில் சேர்ந்தபோது நிதித்துறை லியாகத் அலி கானுக்குப் போயிற்று. மத்தாய் தொழில், வழங்கல் துறைக்கு மாறினார். பின்னர் ரயில்வே, போக்குவரத்துத் துறை அவரிடம் வந்தது. நாடு விடுதலை பெற்ற நாளில் ரயில்வே அமைச்சர் அவர்தான். 1947 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவரும் அவர்தான்.

எப்பேர்ப்பட்ட காலம் அது! பிரிவினையால் ரயில் பாதைகளும் பெட்டிகளும் பணியாளர்களும் இரு நாடுகளுக்கிடையே பங்கு போடப்பட்டன. அகதிகளை ஏற்றிய ரயில்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. அசாமுக்குச் செல்லும் இருப்புப் பாதை அந்நிய நாட்டுக்குள் போய்விட்டதால், இந்திய மண்ணிலேயே புதிய இணைப்புப் பாதை போடும் வேலை தொடங்கியது. அந்த நெருக்கடியில் துறையை நிலைநிறுத்தியவர்களில் மத்தாயும் ஒருவர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃகு வாங்குவோரில் ரயில்வே மிகப் பெரிய வாடிக்கையாளர். எஃகு உருக்குவோரில் டாடா மிகப் பெரிய உற்பத்தியாளர். ரயில் இன்ஜின் தயாரிப்புக்கென்று டாடா குழுமம் 1945-இல் தனி நிறுவனமும் தொடங்கியிருந்தது. வாங்கும் துறையின் அமைச்சர், விற்கும் குழுமத்தில் சில மாதங்களுக்கு முன்புவரை பணியாற்றியவர். அவர் சலுகை காட்டினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சலுகை காட்டவில்லை என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடும் அன்று இல்லை. அவருடைய நற்பெயர் ஒன்றுதான் பிணை.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். வருமான வரி விசாரணைக் குழுவுக்கு அனுப்பப்பட்ட வழக்குப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் விலக்கப்பட்டது குறித்துச் சர்ச்சை எழுந்தபோது, 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் மத்தாய் அமர்ந்தார். அமைச்சருக்கும் தொழில் உலகுக்கும் இடையிலான தூரம் குறித்து நாடு முதன்முதலாகக் கூர்மையாகக் கேள்வி கேட்ட தருணத்தில்தான், தொழில் உலகிலிருந்து வந்த இன்னொருவர் கருவூலச் சாவியைப் பெற்றுக்கொண்டார்.

அவர் நிதியமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில்தான் ரிசர்வ் வங்கி 1949 ஜனவரி 1 அன்று அரசுடைமையாயிற்று. இன்றைய வங்கி ஒழுங்குமுறைக்கு அடித்தளமான வங்கி நிறுவனங்கள் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. பாகிஸ்தான் தன் நாணய மதிப்பைக் குறைக்க மறுத்ததால் இரு நாட்டு வணிகமும் முடங்கியது. 1950 பிப்ரவரியில் குடியரசு இந்தியாவின் முதல் பட்ஜெட்டையும் அவரே தாக்கல் செய்தார்.

வரிகளில் அவர் செய்த மாற்றங்கள் நம் பேசுபொருளுக்கு நெருக்கமானவை. லியாகத் அலி கான் 1947-இல் கொண்டுவந்த மூலதன ஆதாய வரியை மத்தாய் 1949-இல் கைவிட்டார். வணிக இலாப வரி 1950 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய மந்தநிலையில் முதலீடு சுருங்கிக் கிடந்தது. மூலதனச் சந்தை உறங்கிக்கொண்டிருந்தது. வரிச்சுமையைக் குறைத்தால் முதலீடு துளிர்க்கும் என்று அவர் கருதினார். பொருளியல் நோக்கில் இது வாதிடத்தக்க முடிவு. ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிதியமைச்சராக இருந்து இதே முடிவை எடுத்திருந்தால் விவாதம் கொள்கையோடு நின்றிருக்கும்.

1950 மார்ச் 15 அன்று மத்திய அரசின் தீர்மானம் ஒன்றின் மூலம் திட்டக் குழு அமைக்கப்பட்டது. பிரதமரே தலைவர். பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட மத்தாய்க்குத் திட்டமிடல் மீது பகை இல்லை. ஆனால் அமைச்சரவைக்குப் பொறுப்பில்லாத ஓர் அமைப்பு அமைச்சரவைக்கு இணையாக வளர்வதை அவர் ஏற்கவில்லை. அரசுத் துறைகள் செலவுக் கட்டுப்பாட்டை மீறுவதும், அதைத் தடுக்க வேண்டிய நிதியமைச்சகத்தின் கை தளர்ந்துபோவதும் அவரை வருத்தின. ஏப்ரலில் கையெழுத்தான நேரு-லியாகத் உடன்பாடு குறித்தும் அவருக்குத் தயக்கங்கள் இருந்தன. மே மாத இறுதியில் பதவி விலகினார். தம் காரணங்களை மறைக்காமல் பொதுவெளியில் சொன்னார். பிரதமரும் வெளிப்படையாகவே மறுமொழி தந்தார். ஜூன் 1 அன்று சி.டி. தேஷ்முக் நிதியமைச்சரானார்.

கொள்கைக்காகப் பதவியைத் துறப்பவர்கள் எந்தக் காலத்திலும் குறைவு. அந்த வகையில் மத்தாய் போற்றுதலுக்குரியவர். ஆனால் பதவி துறந்த பிறகு அவர் திரும்பிச் சென்ற இடம் மீண்டும் டாடா நிறுவனம்தான். இம்முறை இடையில் ஆறு ஆண்டுகள் இல்லை.

பனை மரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும் என்பது நம் பழமொழி. நிதியமைச்சராக இருந்து தொழில் நிறுவனங்களின் வரிச்சுமையைக் குறைத்தவர், அதே ஆண்டில் நாட்டின் மிகப் பெரிய தொழில் நிறுவனம் ஒன்றுக்குச் செல்கிறார். அவர் குடித்தது பால்தான் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லலாம். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் அதை ஊருக்கு நிரூபிக்க அவர் கையில் எதுவும் இல்லை. ஏனென்றால், நிரூபிக்கும் வழியை எந்தச் சட்டமும் அவருக்குத் தரவில்லை.

வேறு எங்கே அவர் போயிருக்க முடியும் என்ற கேள்வியும் நியாயமானதே. அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அது 1976-இல்தான் வந்தது. மத்தாய்க்குக் கட்சியும் இல்லை. கட்சி தரும் வேறு பதவியும் இல்லை. அரசியலை முழுநேரத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் அமைச்சராக வேண்டுமென்றால், பதவி முடிந்ததும் தம் பழைய தொழிலுக்குத் திரும்பும் வாசல் திறந்திருக்கத்தான் வேண்டும். அந்த வாசலை அடைத்துவிட்டால் இரண்டு வகையினர் மட்டுமே அமைச்சராக முன்வருவார்கள்: பரம்பரைச் செல்வர்கள், அல்லது பதவியிலிருக்கும்போதே செல்வம் சேர்த்துக்கொள்பவர்கள்.

ஊரின் ஐயத்துக்கு மத்தாய் சொன்ன பதில் சொற்களில் இல்லை, செயலில் இருந்தது. 1953-இல் மத்திய அரசு வரிவிதிப்பு விசாரணைக் குழுவை அமைத்தது. அவருக்குப் பின் வந்த தேஷ்முக்கே நிதியமைச்சர். குழுவின் தலைமைப் பொறுப்பு மத்தாயிடம் அளிக்கப்பட்டது. வி.கே.ஆர்.வி. ராவ், வைகுண்ட மேத்தா முதலியோர் உறுப்பினர்கள். மத்திய, மாநில, உள்ளாட்சி வரிகள் அனைத்தையும் அலசி மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்த அறிக்கையை என் மாணவப் பருவத்தில் கல்லூரி நூலகத்தில் வாசித்தேன். அதில் ஒரு பரிந்துரை என்னை வியப்பில் ஆழ்த்தியது. வரி போக ஒருவர் கையில் மிஞ்சும் வருமானம், நாட்டின் சராசரிக் குடும்ப வருமானத்தைப் போல ஏறத்தாழ 30 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று அக்குழு சொன்னது.

முதலாளிகளின் ஆள் என்று ஐயுறப்படக்கூடிய ஒருவரின் தலைமையில் வந்த பரிந்துரை இது. அது நடைமுறைக்கு உகந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் மத்தாயின் மனம் யாரிடமும் அடகு வைக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் பொதுப்பணியிலேயே கழிந்தது. இம்பீரியல் வங்கி அரசுவசமாகி 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கி உதயமானபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பின்னர் கேரளப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1956-இல் தொடங்கப்பட்ட தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுவின் முதல் தலைவராகவும் இருந்தார். 1959-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஆள் நல்லவராக இருந்தால் விதி எதற்கு என்பது முதல் வாசிப்பு. மத்தாய் எந்த விதியும் இல்லாமலேயே ஒழுங்காக நடந்துகொண்டார் அல்லவா என்று அந்தத் தரப்பினர் கேட்பார்கள். இரண்டாவது வாசிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. விதி இல்லாததால் நல்லவர் ஒருவர் தம் நேர்மையை மெய்ப்பிக்க ஆண்டுகள் பல காத்திருக்க வேண்டியிருந்தது. நல்லவர் அல்லாதவருக்கோ அந்தக் கவலையே இல்லை.

அமைச்சரின் பிற்கால வேலை குறித்து நாம் அஞ்சுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பதவியில் இருக்கும்போது செய்த உதவிக்குப் பதவி போன பிறகு கூலி கிடைக்கலாம். பின்தேதியிட்ட காசோலை போன்றது இது. கொடுத்த நாளில் யார் கண்ணிலும் படாது. இரண்டாவது, அரசின் உள்ளறைகளில் கேட்ட இரகசியங்கள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பயன்படலாம். மூன்றாவது, நேற்றுவரை தம்கீழ் பணியாற்றிய அதிகாரிகளிடம் இன்று நிறுவனத்தின் சார்பில் பேசப் போகலாம். கையூட்டுத் தடுப்புச் சட்டத்தால் இவற்றை எளிதில் பிடிக்க முடியாது. கொடுத்ததற்கும் பெற்றதற்கும் இடையே காலம் என்னும் திரை விழுந்துவிடுகிறது.

நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இந்த அபாயத்தை அறியாதவர்கள் அல்லர். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது என்று 124-ஆவது பிரிவு சொல்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஓய்வுக்குப் பின் மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் ஏற்க முடியாது என்கிறது 148-ஆவது பிரிவு. மத்திய அரசின் உயர் அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று பணிவிதிகள் கூறுகின்றன. கோப்பில் குறிப்பு எழுதிய செயலாளருக்கு விதி உண்டு. அந்தக் கோப்பில் இறுதிக் கையெழுத்திட்ட அமைச்சருக்கு விதி இல்லை. அமைச்சர்களுக்கான நடத்தை நெறிகள் 1964 முதல் இருக்கின்றன. பதவி ஏற்கும் முன் சொத்து விவரம் தர வேண்டும், தொழில் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆனால் பதவிக் காலம் முடியும் நாளில் அந்த நெறிகளும் முடிந்துவிடுகின்றன.

பிற நாடுகள் என்ன செய்கின்றன? கனடாவில் முன்னாள் அமைச்சர்களுக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம் சட்டத்திலேயே இருக்கிறது. அமைச்சராக இருந்த கடைசி ஆண்டில் எந்த நிறுவனத்தோடு நேரடியான, குறிப்பிடத்தக்க அலுவல் தொடர்பு இருந்ததோ, அந்த நிறுவனத்தில் அக்காலத்தில் அவர்கள் சேர முடியாது. ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு இரண்டு ஆண்டு, தலைவருக்கு மூன்று ஆண்டு. வருமானம் இன்றித் தவிக்காதிருக்க அவர்களுக்கு இடைக்கால உதவித்தொகையும் உண்டு. பிரிட்டனில் இதற்கென ஓர் ஆலோசனைக் குழு பல பத்தாண்டுகள் இயங்கியது. ஆனால் அது அறிவுரை மட்டுமே கூறலாம்; மீறியவரைத் தண்டிக்க முடியாது. பல் இல்லாத அமைப்பு என்ற விமர்சனம் ஓயவே இல்லை. 2025-இல் அது கலைக்கப்பட்டு அதன் பணிகள் வேறு அமைப்புகளிடம் தரப்பட்டன. அதிகாரம் இல்லாத விதியால் பயனில்லை என்பது அங்கிருந்து நாம் பெற வேண்டிய பாடம்.

இந்தியாவுக்கு ஏற்ற விதி ஒன்றை எழுதுவது கடினமன்று. அமைச்சர் நேரடியாகக் கையாண்ட துறையோடு தொடர்புடைய நிறுவனங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு வேலையோ இயக்குநர் பதவியோ ஆலோசகர் பொறுப்போ ஏற்கக் கூடாது. மற்ற வேலைகளுக்குத் தடை வேண்டாம். கற்பிக்கலாம், எழுதலாம், தொடர்பில்லாத தொழிலுக்குச் செல்லலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பும் பொதுப் பதிவேட்டில் வெளியிடப்பட வேண்டும். தம் முன்னாள் துறையிடம் எவர் சார்பிலும் பரிந்து பேசுவது தடுக்கப்பட வேண்டும். ஐயம் எழும்போது தீர்ப்புச் சொல்ல, அன்றைய ஆட்சியாளரின் கைக்கு அடங்காத அமைப்பு ஒன்று வேண்டும். இல்லையேல் ஆளும் கட்சியின் முன்னாள்கள் தப்புவார்கள்; எதிர்க்கட்சியின் முன்னாள்கள் மட்டும் சிக்குவார்கள். இது மாநில அமைச்சர்களுக்கும் பொருந்த வேண்டும். நிலம், சுரங்கம், மதுபானம், கல்வி நிறுவன அனுமதி என்று மாநில அமைச்சர்களின் மேசையில் முடிவாகும் விஷயங்களின் பணமதிப்பு சிறிதன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பொருளியல் படித்தவன் அதை மறைக்கக் கூடாது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்று மாதம் 31,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் கிடைக்கிறது. பெரிய நிறுவனங்கள் தரும் ஊதியத்தின் முன் இது ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டுக் காத்திருப்பைக் கேட்கும் சமூகம், அந்த இரண்டு ஆண்டுகளுக்குக் கண்ணியமான உதவித்தொகை தரவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அமைச்சர்களுக்கு இன்னும் பணமா என்று முணுமுணுப்பு எழும். பின்தேதியிட்ட ஒரு காசோலையால் நாடு இழப்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தொகை அற்பமே.

1950 ஜூன் மாதத்துக்கு ஒருகணம் திரும்புவோம். அப்படி ஒரு விதி அன்று இருந்திருந்தால் ஜான் மத்தாய் என்ன செய்திருப்பார்? இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை பெற்றுக்கொண்டு ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியிருக்கலாம். அவருக்குப் பழக்கமான வேலைதான். அதன்பின் டாடா நிறுவனத்துக்குச் சென்றிருக்கலாம். வரிவிதிப்புக் குழுவும் ஸ்டேட் வங்கியும் அவரை அப்போதும் அழைத்திருக்கும். நாடு எதையும் இழந்திருக்காது. அவர் நீக்கிய வரிகளைப் பற்றி இன்று எழுதும் என்னைப் போன்ற ஒருவர், அந்த முடிவு சரியா தவறா என்று மட்டும் விவாதித்திருப்பார். அவர் நல்லவர்தான் என்று இத்தனை வரிகளில் வாசகருக்கு உறுதி சொல்ல வேண்டிய தேவை வந்திருக்காது.